கம்பியில்லா எச்சரிக்கையின் வரலாறு

திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பழைய வழியில் ஆங்காங்கே சிறு கல் மண்டபங்களைக் காணலாம். மக்கள் அவற்றை நகரா மண்டபங்கள் என்று வழங்குவர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஆண்டாள் கோயிலில் பூசை நிறைவேறிய செய்தியைக் கேட்ட பின்னரே உணவு கொள்வார் என்பது இந்நாட்டில் வழங்கும் செவிவழிச் செய்தி. கோயிலில் பூசை முடிந்ததும் முதல் மண்டபத்தில் முரசு முழங்கும். அவ்வொலியைக் கேட்டவுடன் அடுத்த மண்டபத்தார் தம் முரசை முழக்குவர். இவ்வாறு மண்டபந்தோறும் தாவிச் சென்ற ஒலி, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மதுரை அரண்மனையை எட்டுமாம்.

இவ்வழக்கில் ஓர் அரிய பாடம் அடங்கியிருக்கிறது. தொலைவிலுள்ளார்க்குச் செய்தி சொல்ல வேண்டுமாயின் நான்கு பொருள்கள் இன்றியமையாதவை. சொல்ல வேண்டிய நிகழ்ச்சி எது என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். செய்தியைக் கொண்டு செல்ல ஒரு வழி வேண்டும். அதனைப் பெறுவோர் யாவர் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பெறுவோர் விழிப்புடன் செவி சாய்த்திருத்தலும் வேண்டும். இடையில் ஒரு மண்டபத்தார் உறங்கிவிட்டால் எஞ்சிய மண்டபங்கள் அனைத்தும் வீணே. முரசின் காலம் போய், இன்று கம்பியில்லா வலைக் கருவி தானே மின்னஞ்சல் எழுதி அபாயத்தை அறிவிக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் இந்நான்கு தேவைகளும் மாறவில்லை. அவற்றுள் ஒன்று தவறியபோது மனிதகுலம் என்ன விலை கொடுத்தது என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இந்தியாவில் மின்சாரத்தின் துணையால் செய்தி அனுப்பும் முயற்சி 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தொடங்கியது. 1855-இல் தந்தி பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. வாணிக நகரமாகிய விருதுநகர் போன்ற ஊர்களில், மிளகாய், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையேற்ற இறக்கத்தை வெளியூரிலிருந்து உடனே அறிந்துகொள்ளத் தந்தி வணிகர்க்குப் பெருந்துணையாய் இருந்தது. ஆனால் சாதாரணக் குடும்பங்களில் தந்திச் சேவகர் வாசலில் நின்றாலே நெஞ்சம் நடுங்கும். உறையைப் பிரிக்கும் முன்பே அழுகுரல் எழுந்த வீடுகளும் உண்டு. அவசரச் செய்தி என்றாலே துயரச் செய்தி என்று மக்கள் கொண்டுவிட்டனர். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தந்திப் பணி நிறைவுற்றது.

தந்தியின் பெரும்பயன் துயரத்தை அறிவிப்பதில் மட்டும் இல்லை. துயரம் வருமுன் காப்பதிலேயே அது இருக்கிறது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய கடும்புயலில் பல்லாயிரவர் மாண்டனர். புயல் நடந்து வரும் வேகத்தைவிடத் தந்தி விரைந்து செல்லும் அன்றோ? அவ்வுண்மையைப் பயன்படுத்தி, 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அபாயத்தைக் காட்டிலும் விரைவாகச் செல்லும் செய்தியே எச்சரிக்கை என்னும் பெயருக்கு உரியது. பின்னால் வருவது வெறும் அறிக்கை.

தந்திக்குக் கம்பி வேண்டும். கடலில் செல்லும் கப்பலுக்குக் கம்பி ஏது? இக்குறையைப் போக்கும் வழியைக் கண்டவர்களுள் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஒருவர். 1895-இல் கல்கத்தாவில் அவர் ஒரு செய்முறையைப் பொதுமக்கள் காணச் செய்து காட்டினார். மின்காந்த அலைகளை ஓரிடத்தில் எழுப்பி, இடையில் கம்பி ஏதுமின்றி, தொலைவில் இருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். மணியும் வெடிமருந்தும்! காக்கும் பணியும் அழிக்கும் ஆற்றலும் ஒரே அலையில் அடங்கியிருந்ததை அன்று கூடியிருந்தோர் கண்ணாரக் கண்டனர். பட்டாசுத் தொழிலைத் தம் வாழ்வாகக் கொண்ட சிவகாசி வட்டாரத்து மாணவர்கள் இந்நிகழ்ச்சியைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் தகும்.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த கம்பியில்லாச் செய்தியைப் பெற்றதாக அறிவித்தார். அதன்பின் பெருங்கப்பல்கள் பலவற்றில் இக்கருவி இடம்பெற்றது. இனிக் கடலில் அபாயமே இல்லை என்று பலர் மகிழ்ந்தனர். 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அம்மகிழ்ச்சி கலைந்தது. டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி, உதவி வேண்டிச் செய்தி அனுப்பியது. கருவி பழுதின்றி வேலை செய்தது. அலைகள் எத்திசையும் பரவின. அருகில் இருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலிலும் கம்பியில்லாக் கருவி இருந்தது. ஆனால் அதனை இயக்குபவர் ஒருவரே. அவர் நாள் முழுதும் உழைத்துவிட்டுக் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றிருந்தார். வெகு தொலைவிலிருந்த கார்பேத்தியா என்னும் கப்பலே செய்தியைக் கேட்டு விரைந்து வந்தது. அதற்குள் டைட்டானிக் மூழ்கி, ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்தனர்.

அதே நாளில் பனிக்கட்டிகளைப் பற்றிய எச்சரிக்கைகள் பல டைட்டானிக்குக்கு முன்னரே வந்திருந்தன. அவற்றுள் மெசாபா என்னும் கப்பல் அனுப்பிய செய்தி, பயணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்பும் நெருக்கடியில், கப்பலைச் செலுத்துவோரிடம் போய்ச் சேரவில்லை. இவ்விரு தவறுகளையும் எண்ணிப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். அனுப்பப்பட்ட செய்தி கேட்கப்பட்ட செய்தி ஆகாது என்பது ஒன்று. முக்கியமான செய்தி முக்கியமற்றவற்றின் கூட்டத்தில் மறைந்துபோகும் என்பது மற்றொன்று. இதன் பின்னரே, கப்பல்களில் இரவும் பகலும் கம்பியில்லாக் காவல் இருத்தல் வேண்டும் என்னும் விதி 1914-இல் உலக நாடுகளின் உடன்படிக்கையில் இடம்பெற்றது.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரையும் இத்தகைய பாடத்தைக் கற்றிருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் வண்டி தனுஷ்கோடியை நெருங்கியது. புயலால் சைகை விளக்கு செயலற்றுப் போயிருந்தது. வண்டி சிறிது நேரம் நின்றது; சைகை வரவில்லை. பின்னர் ஓட்டுநர் இருளில் வண்டியைச் செலுத்தினார். பேரலை எழுந்து வண்டியை விழுங்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. கம்பிகள் அறுந்து கிடந்தமையால் இத்துயரம் வெளியுலகுக்கு உடனே தெரியவுமில்லை. ஒரு சைகை வராமலிருப்பதும் ஒரு செய்தியே. மௌனத்துக்கு 'அபாயம்' என்று பொருள் கொள்ளும் ஏற்பாடு இருந்தாலன்றி, மௌனம் நம்மை ஏமாற்றிவிடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமடங்கு சிறப்புடையது. அவ்வாண்டில் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஏபிராம்சன் என்னும் பேராசிரியரின் குழுவினர், தீவுகளிலிருந்த கணிப்பொறி முனைகளை வானொலி அலைகளால் இணைக்கும் அலோகா வலையை இயக்கினர். இன்று வீடுகளிலும் கல்லூரிகளிலும் காணும் வைஃபை வலைக்கு இது முன்னோடி. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர், ஒரு கணிப்பொறியிலிருந்து வலையின் வழியே மற்றொரு கணிப்பொறிக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட '@' என்னும் குறியை ஆண்டவரும் அவரே. 1982-இல் ஜான் போஸ்டல் மின்னஞ்சல் கொண்டு செல்லும் எளிய விதிமுறையை வகுத்தளித்தார். 1997-இல் கம்பியில்லா வலைக்கான உலகத் தர அளவு வெளியாயிற்று.

இந்தியாவில் நிலைமை மெல்லவே மாறியது. 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வீட்டு வானொலிப் பெட்டிக்கும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தை முதியோர் அறிவர். 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2005-இல் வைஃபைக்குரிய அலைவரிசை ஒன்று உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் பிறகே சிற்றூர்ப் பள்ளியும் சிறு தொழிற்கூடமும் அச்சமின்றிக் கம்பியில்லா வலையை அமைத்துக்கொள்ள முடிந்தது.

இத்தகைய கருவிகள் பலவற்றில், குறித்த நிகழ்ச்சி நேர்ந்தவுடன் தாமே மின்னஞ்சல் அனுப்பும் வசதி உண்டு. அதனை அமைக்கும்போது கருவி சில கேள்விகளைக் கேட்கும். அவை புதியவையாகத் தோன்றினும் பழைய தந்தி நிலையத்தின் கேள்விகளே. எந்த அஞ்சல் நிலையத்தின் வழியாக அனுப்புவது? இதுவே அஞ்சல் வழங்கியின் பெயரும் வாயில் எண்ணும். இக்காலத்தில் 587 என்னும் எண் பெருவழக்கு. அனுப்புவதற்கு உமக்கு உரிமை உண்டா? இதுவே பயனர் பெயரும் கடவுச்சொல்லும். அனுப்புநர் யார், பெறுநர் யார்? எந்நிகழ்ச்சிகளுக்கு அனுப்ப வேண்டும்? இறுதியாக, சோதனைக் கடிதம் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாமா?

இக்கேள்விகளுக்கு விடை எழுதுகையில் வரலாற்றின் பாடங்களை மறத்தல் ஆகாது. பெறுநர் முகவரியை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தை, ஹவாயில் இருந்த பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் விரைவிலேயே அறிந்துவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு அன்று இல்லை. அங்கு யாரிடம் சொல்வது என்னும் முறையான முகவரிப் பட்டியலும் இல்லை. பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்நேரம் முழுதும் வீணாயிற்று. 2007-இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. பெறுநர் என்னும் சிறு கட்டத்தில், வேலையைவிட்டுச் சென்றவர் ஒருவரின் முகவரியே இருக்குமானால், கருவி எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை.

நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் அளவு வேண்டும். யாரேனும் வலையில் சேர்ந்தாலும் பிரிந்தாலும் கடிதம் வருமாறு அமைத்தால், நாளொன்றுக்கு நூறு கடிதங்கள் குவியும். சில நாட்களில் அவற்றைப் பார்ப்பதையே விட்டுவிடுவர். டைட்டானிக்கில் மெசாபாவின் செய்திக்கு நேர்ந்த கதியே நூற்றோராவது கடிதத்துக்கும் நேரும். கருவியின் கடிகாரமும் சரியாக இருத்தல் வேண்டும். நேற்றைய நேரம் காட்டும் எச்சரிக்கையை எவரும் நம்பார்.

எல்லாவற்றினும் கடினமானது தனுஷ்கோடி காட்டிய கேள்வி. மின்சாரமோ இணைப்போ அற்றுப்போனால், அதனை அறிவிக்க வேண்டிய கருவியே வாயற்றுப் போகிறது. இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சி ஒன்று நம் அண்டை மாவட்டமாகிய தேனியில் நிகழ்ந்தது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலும் ஒரு கிளையை நடத்துகிறது. சுற்றியுள்ள ஊர்களில் அமைந்த சிறு கண் நிலையங்களைத் தேனி மருத்துவமனையோடு தொலைதூர வைஃபை அலைகளால் இணைக்கும் பணியில், 2000-க்குப் பிந்திய பத்தாண்டின் நடுப்பகுதியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் ஈடுபட்டனர். உயர்ந்த கோபுரங்களில் அலைவாங்கிகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்து, திரையில் தேனி மருத்துவரைக் கண்டு பேசினார்.

வலையை அமைப்பதைக் காட்டிலும் அதனை உயிரோடு வைத்திருப்பதே அரிது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். சிற்றூர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால் கருவிகள் பழுதுற்றன. ஓரிணைப்பு அறுந்தால், மின்சாரம் போயிற்றா, கருவி கெட்டதா, அலைவாங்கி திசை மாறிற்றா என்று தொலைவிலிருந்தோர்க்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கருவியும் தன் நிலையைக் குறித்த இடைவெளியில் தானே முன்வந்து தெரிவிக்குமாறு செய்தனர். முதன்மை வழி அடைபட்டாலும் கைப்பேசிக் குறுஞ்செய்தி போன்ற மாற்று வழியால் அணுகும் முறையையும் ஆராய்ந்தனர். உள்ளூர்ப் பணியாளர்க்குப் பழுது பார்க்கும் பயிற்சியும் அளித்தனர். இந்த அனுபவங்களை 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 'நலமாக இருக்கிறேன்' என்று நாள்தோறும் வரும் கடிதம் ஒருநாள் வராவிடில், அதுவே எச்சரிக்கை. ஊமையாகிப்போன கருவியின் குறையை அக்கருவியைக் கொண்டே அறியும் வழி இதுதான்.

இவ்வரலாறு சிவகாசிக்கு எவ்வாறு பொருந்தும்? 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். மழை குறைந்த கரிசல் நிலத்தில் அத்தொழில் வேரூன்றி, 1940-களில் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. வறண்ட வானிலை இத்தொழிலுக்குக் கொடை; ஈரமோ பகை. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், வேதிவினையால் அது தானே சூடேறும் இயல்புடையது. உராய்வும் மின்பொறியும் மின்னலும் பிற பகைகள். மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் ஒரு நொடிச் சோர்வு பல குடும்பங்களின் விளக்கை அணைத்துவிடும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிபட்டியில் ஓர் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மாண்டவருள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர்; முதல் வெடியோசையையும் புகையையும் கண்டு, உதவவும் பார்க்கவும் அருகிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்புகள் அவர்களைப் பலிகொண்டன. வெடியோசை ஒரு செய்திதான்; ஆனால் அது 'ஏதோ நேர்ந்தது' என்று மட்டும் சொல்லிற்று; 'அருகே வராதீர்' என்று சொல்லவில்லை. இரக்கமுள்ள நெஞ்சங்கள் அபாயத்தை நோக்கியே விரைந்தன. நடந்ததை அறிவிப்பதோடு எச்சரிக்கையின் கடமை முடிவதில்லை. கேட்பவர் செய்ய வேண்டியதையும் அது சொல்ல வேண்டும்.

இத்தகைய இடத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கையின் எல்லையை அறிந்து பயன்படுத்தல் வேண்டும். மின்னஞ்சல் அஞ்சல் நிலையங்களில் தங்கித் தங்கிச் செல்வது. ஒரு வழி அடைபட்டால் காத்திருந்து மீண்டும் முயல்வது. நொடியில் வெடிக்கும் மருந்துக்கு முன் அது தோற்றுப்போகும். அந்நொடிக்கு ஊரெல்லாம் கேட்கும் சங்கொலியும், எத்திசையில் ஓட வேண்டும் என்னும் பயிற்சியுமே துணை. மெல்ல வளரும் அபாயங்களிலோ மின்னஞ்சல் நல்ல காவலன். கிடங்கில் ஈரமும் வெப்பமும் நாளுக்கு நாள் ஏறுவதையும், காவற் கருவிக்கு மின்சாரம் நின்றுபோனதையும், இரவில் ஓர் இணைப்பு அறுந்ததையும் அது பொறுமையுடன் எழுதி அனுப்பும். பின்னர் ஆராய்வதற்கு எழுத்துச் சான்றாகவும் நிற்கும். ஆயினும் மருந்து அறைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லலாகாது என்னும் கட்டுப்பாட்டை, காக்க வந்த கருவியும் மீறலாகாது. பொறி எழாதவாறு காப்புச் செய்து சான்று பெற்ற கருவிகளே அபாய இடங்களுக்கு உரியவை. பிறவற்றுக்கு இடம் வெளியே, பாதுகாப்பான தொலைவிலேதான். மணியை ஒலித்த அலையே வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது என்பதை மறவாதிருப்போமாக.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பொறியாளராகவும் ஆலை மேற்பார்வையாளராகவும் தீயணைப்புப் பணியாளராகவும் விளங்குவீர்கள். எச்சரிக்கைக் கருவி ஒன்றை அமைக்கும் பொறுப்பு என்றேனும் உங்கள் கைக்கு வரும். அன்று சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்ததைக் கண்டவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அக்கடிதத்தை நள்ளிரவில் படிப்பவர் யார், படித்தபின் அவர் செய்ய வேண்டியது யாது, அவர் இல்லையெனில் அடுத்தவர் யார் என்று கேளுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் கருவியை மீண்டும் சோதியுங்கள். அலைகள் தம் கடமையில் தவறுவது அரிது. தவறுவது பெரும்பாலும் இரு முனைகளிலும் இருக்கும் மனிதரே. அம்முனைகளில் விழிப்புள்ள மனிதர் நின்றால், கரிசல் மண்ணில் உழைக்கச் சென்ற ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்புவர்.